அணு உலையைச் சுமந்த விமானம்



1998-ல் பொக்ரான் சோதனை முடிந்து, ஜூனில் பள்ளி திறந்த சமயம். அஞ்செட்டியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அணுசக்தியில ஏரோப்ளேன் ஓடுமா?" என்று கேட்டான். "உளறாதே, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவன் என்னிடம் கேள்வியே கேட்டதில்லை.

அது உளறல் இல்லை என்று ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்க விமானப்படை 1946-லேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. ஜெட் என்ஜினுக்குள் எரிபொருள் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை அணு உலையே கொடுத்துவிட்டால், எரிபொருளுக்காகத் தரையிறங்காமல் நாள்கணக்கில் பறக்கலாமே என்பது கணக்கு. 1956-ல் ஐடஹோ மாநிலத்தில், தரையில் வைத்து, உலையின் சூட்டிலேயே ஒரு ஜெட் என்ஜினை ஓட்டியும் காட்டினார்கள்.

சிக்கல் கதிர்வீச்சில் வந்தது. அதைத் தடுக்கக் கனமான கவசம் வேண்டும். கனம்தான் விமானத்துக்கு எதிரி. என்.பி.-36எச் என்ற குண்டுவீச்சு விமானத்தில் உலையை ஏற்றி, 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தார்கள். பறந்தது வழக்கமான என்ஜின்களால்தான். உலை கதிர்வீச்சை அளந்து பார்க்க மட்டும். விமானிகள் அறைக்கு ஈயமும் ரப்பருமாக 11 டன் கவசம்! கூடவே இன்னொரு விமானத்தில் பாராசூட் வீரர்கள். எதற்கு? இது விழுந்தால், விழுந்த இடத்தைச் சுற்றி வளைக்க. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது.

சோவியத் நாடும் ஒரு டி.யு.-95 விமானத்தில் உலையை ஏற்றிப் பார்த்தது. இதற்குள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்துவிட்டன. சுமார் 100 கோடி டாலர் செலவான பிறகு, 1961 மார்ச்சில் கென்னடி திட்டத்தை நிறுத்தினார்.

ஆனால் வானத்தில் தோற்றது கடலில் ஜெயித்தது. கனத்தைத் தண்ணீர் தாங்கும் அல்லவா? அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' நீர்மூழ்கி 1955 ஜனவரியிலேயே அணுசக்தியில் கிளம்பிவிட்டது. நம் நாட்டின் 'அரிஹந்த்' நீர்மூழ்கிக்கான மாதிரி உலையைக் கட்டி ஓட்டிப் பார்த்தது வேறெங்கும் இல்லை, நம் கல்பாக்கத்தில்தான். 2006 முதல் அது முழுவீச்சில் ஓடியும், 2009-ல்தான் வெளியே சொன்னார்கள்.

தம்பி, உனக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். இதைப் படித்தால் ஒரு போன் போடு. நீ கேட்டது நல்ல கேள்வி. சாருக்குத்தான் அன்றைக்கு பதில் தெரியவில்லை.