சிறை மீண்ட இருவர்

தமிழ்நாட்டைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களில், திரைப்பட நடிகர்மீது பிள்ளைகள் கொள்ளும் பற்று பெற்றோர்க்கு ஒருபுறம் மகிழ்ச்சியும் மறுபுறம் கவலையும் தருகின்றது. அவ்வழியாகவேனும் தமிழ் காதில் விழுகின்றதே என்பது மகிழ்ச்சி. படிப்பும் பணமும் அவ்வழியே கரைகின்றனவே என்பது கவலை. இப்பற்று இன்று நேற்றுத் தோன்றியதன்று. தமிழ்ப் படவுலகின் முதற்பெரும் நாயகரான எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாற்றில் அதன் பிறப்பையும் பெருக்கத்தையும் முறிவையும் ஒருங்கே காணலாம்.

1910-இல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், நாடக மேடையிலிருந்து 1934-இல் ‘பவளக்கொடி’ வாயிலாகத் திரைக்கு வந்தார். அப்படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். இக்காலத்தார் நகைக்கலாம், அக்காலத்தார் பாட்டுக்காகவே சென்றனர். அதற்குக் காரணமும் உண்டு. நல்ல கர்நாடக இசையைக் கேட்க விரும்பியவர் கோயில் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். அன்றி, நகரத்துச் சபையில் இடம்பெறப் பொருளும் செல்வாக்கும் உடையவராக இருத்தல் வேண்டும். கோயிலுக்குள் நுழையும் உரிமையே இல்லாதிருந்தோர் எத்தனையோ பேர். ஊருக்கு வந்த டூரிங் டாக்கீஸில் சில அணாக் காசு கொடுத்துத் தரையில் அமர்ந்தவர்க்கோ, பாபநாசம் சிவனின் பாடல்கள் அந்தத் தேன்குரலில் தடையின்றிக் கிடைத்தன. தமக்கு எட்டாதிருந்த ஒன்றை எட்டச் செய்தவரிடம் மக்கள் அன்பு கொண்டது இயல்பேயாகும். ரசிகரின் அன்பைப் பித்து என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

1937-இல் ‘அம்பிகாபதி’யும் ‘சிந்தாமணி’யும் வெளிவந்தபின் அவ்வன்பு பெருவெள்ளமாயிற்று. மதுரையில் ‘சிந்தாமணி’ என்ற பெயராலேயே ஒரு திரையரங்கு எழுந்தது. பிடரியில் புரளும் பாகவதர் கிராப்பு இளைஞர் பலரின் தலையில் ஏறியது. 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் தொடங்கிய ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அத்தீபாவளிக்கு அடுத்த மாதமே பேரிடி விழுந்தது. நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதி வந்த ‘இந்து நேசன்’ ஏட்டின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வேட்டை வாங்கிப் படித்தவர் எங்கிருந்தோ வந்தவரல்லர்; திரையரங்கில் கைதட்டிய கூட்டத்திலும் பலர் இருந்திருப்பர். பற்று மிகுந்த இடத்தில் துப்பறியும் ஆவலும் உடன் வளர்கின்றது போலும்! டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பிற்று. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என்று விடுதலையாயினர். இடைப்பட்ட காலத்திலும் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டே இருந்தது. நாயகர் சிறைக்கம்பிகளுக்குப் பின்னே; அவர் நிழலோ, செருக்குற்றுத் திரிந்து கால்களை இழந்து பெற்றோர் பணியில் தெளிவடையும் மகனாகத் திரையில் பாடிக்கொண்டிருந்தது.

சிறை மீண்டபின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. கிருஷ்ணனை மக்கள் இரு கைகளாலும் வரவேற்றனர். 1949-இல் ‘நல்லதம்பி’யில் நடித்தார், 1951-இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார், கலைவாணராகவே 1957-இல் மறைந்தார். பாகவதரின் ‘ராஜமுக்தி’ 1948-இல் வந்தது. பின்னர் ‘அமரகவி’, ‘புதுவாழ்வு’ முதலியனவும் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் ‘ஹரிதாஸ்’ பெற்ற வரவேற்பைப் பெறவில்லை.

காலம் மாறிற்று என்பர். அதுவும் உண்மையே. பாட்டின் இடத்தைப் பேச்சு பிடித்துக்கொண்டது. 1949-இல் ‘வேலைக்காரி’யும் 1952-இல் ‘பராசக்தி’யும் உரையாடலுக்காகவே ஓடின. ஆயினும் அது முழு விடையன்று என்பது என் கருத்து. கிருஷ்ணனிடம் மக்கள் கண்டது தம்மைப் போன்ற ஒரு மனிதரை. சறுக்கி விழுந்து, எழுந்து, தன்னையே எள்ளி நகைத்துக்கொள்ளும் மனிதரை. அத்தகையவர் சிறைக்குச் சென்று வந்தாலும் அவர் அவரே. பாகவதரிடம் கண்டதோ மாசு படியாத ஒரு பொற்பதுமையை. அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் கூறலாம்; பதுமையில் விழுந்த கீறலை எந்தத் தீர்ப்பு அழிக்கும்? மனிதராக நேசிக்கப்படாதவர் துன்பம் வந்தபோது மனிதராகத் தாங்கப்படவும் இல்லை.

பாகவதர் நாயகராக விளங்கிய ‘அசோக்குமார்’ படத்தில், 1941-இல், சிறு வேடத்தில் நடித்த இளைஞர் ஒருவர் பின்னாளில் அவரினும் பெரிய ரசிகர் படையைப் பெற்றார். அவரே எம். ஜி. இராமச்சந்திரன். 1977-இல் முதலமைச்சருமான அவர் 1987 டிசம்பர் 24-இல் மறைந்தபோது, துயரம் தாளாது அன்பர் பலர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். அவ்வீடுகளில் எஞ்சிய மனைவி மக்களை நினைக்க நெஞ்சு பதறுகின்றது. படம் பார்க்கட்டும், பாட்டைப் பாடட்டும், கிராப்பையும் வைத்துக்கொள்ளட்டும். வீட்டாரின் சோற்றிலும் தன் உயிரிலும் அந்த அன்பு கைவைக்குமாயின், அங்கே அதனைத் தடுத்து நிறுத்தவேண்டும் என்பேன்.

பாகவதர் 1959 நவம்பர் முதல் நாள், 49-ஆம் வயதில், சென்னையில் காலமானார். ‘சிவகாமி’ என்னும் அவருடைய கடைசிப் படம் அதன்பின் 1960-இல் வெளிவந்தது. கிராப்பு போயிற்று, அதனை வைத்திருந்தோரும் போயினர். கிராமபோன் தட்டுகளிலிருந்து ஒலிநாடாவுக்கும், அதிலிருந்து இன்று கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்ட அந்தக் குரலை மட்டும், அவர் முகத்தையே அறியாத பிள்ளைகளும் கேட்கின்றனர்.