1-ஐ 0-ஆல் வகுத்தால் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? புரோகிராமில் புகுந்த 'இன்ஃபினிட்டி'யை கண்டுபிடிப்பது எப்படி?

பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாதுன்னுதான் ஸ்கூலில் படிச்சிருப்போம். ஆனா, ஜாவாஸ்கிரிப்ட்டில் 1/0 என்று போட்டுப் பாருங்க. எர்ரர் வராது. 'இன்ஃபினிட்டி', அதாவது முடிவிலி என்று பதில் வரும்.

இது எங்கிருந்து வருது?

தசம எண்களை கம்ப்யூட்டர் சேமிக்கும் முறைதான் ஃப்ளோட்டிங் பாயின்ட். இதற்கான ஐஇஇஇ 754 தரநிலை 1985-ல் வெளியானது. இதை உருவாக்கியதில் முக்கியமானவர், 1989-ம் ஆண்டுக்கான டியூரிங் விருது பெற்ற வில்லியம் கஹான். 64 பிட்டில் 309 இலக்க எண் வரைதான் எழுத முடியும். கணக்கு அந்த எல்லையைத் தாண்டினால் விடை முடிவிலி ஆகிவிடும்.

இதில் என்ன ஆபத்து?

புரோகிராம் நிற்காமல் ஓடிக்கிட்டே இருக்கும். லட்சம் எண்களில் ஒன்றே ஒன்று முடிவிலியாக இருந்தாலும் மொத்த சராசரியும் முடிவிலிதான். முடிவிலியில் இருந்து முடிவிலியைக் கழித்தால் 'நேன்', அதாவது 'எண்ணே அல்ல' என்று வரும். இதைவிட மோசம், 1-ஐ முடிவிலியால் வகுத்தால் வரும் 0. பார்க்க சரியான விடை மாதிரியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எப்படி செக் பண்ணணும்?

* சி, பைத்தான் மொழிகளில் 'இஸ்இன்ஃப்', ஜாவாவில் 'இஸ்இன்ஃபினிட்' என்ற ஃபங்ஷன்கள் உள்ளன.

* முடிவிலியோடு நேரடியாக ஒப்பிட்டால் பிளஸ் முடிவிலி மட்டும் சிக்கும். மைனஸ் முடிவிலி தப்பிவிடும். இந்த ஃபங்ஷன்கள் இரண்டையும் பிடிக்கும்.

* 'நேன்' இவற்றிலும் சிக்காது. அதனால், 'இது சாதாரண எண்தானா?' என்று கேட்கும் 'இஸ்ஃபைனைட்' இன்னும் பாதுகாப்பானது.

இதையும் கவனிங்க!

பைத்தானில் 1/0 போட்டால் எர்ரர் வரும். ஆனா, 10-ன் 308-வது அடுக்கை ஃப்ளோட்டாக எழுதி 10-ஆல் பெருக்கினால் சத்தமில்லாமல் முடிவிலி வரும். சி-யில், ஜிசிசி கம்பைலரின் 'ஃபாஸ்ட் மேத்' ஆப்ஷன் முடிவிலியே வராது என்று எடுத்துக்கொள்வதால், நீங்கள் எழுதிய செக்கையே நீக்கிவிடலாம். ஜேசன் வடிவத்தில் முடிவிலிக்கு இடமே கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் அதை 'நல்' என்று மாற்றி அனுப்பிவிடும். அங்கே போன பிறகு தப்பு எங்கே நடந்ததுன்னு தேடுவது கஷ்டம்.

எனவே, வகுப்பதற்கு முன்பு ஒருமுறை, விடையை சேமிப்பதற்கு முன்பு ஒருமுறை செக் செய்வது நல்லது.