ஆணி அடிக்காத செருப்பு

1947. செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக்காட்ட, வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஓர் எலும்பு அறுவை மருத்துவரை அழைத்துவந்தார் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலுவற்று இருக்கும் என்றுதான் நினைத்தார். நோயாளி பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்தது.

தோல் நோய் என்று அதுவரை எலும்பு மருத்துவர்கள் ஒதுங்கியிருந்த கை அது. முன்னங்கைத் தசைகளுக்கு ஒரு சேதமும் இல்லை. முழங்கை, மணிக்கட்டுப் பக்கம் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைக் கிருமி கெடுத்துவிடுவதால், உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. அப்படியானால் நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைக்கலாமே! 1948-ல் வேலூரில் அந்த அறுவை தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்ந்த விரல்களிலும் புண் வந்தது. நோயாலேயே விரல் அழுகி விழும் என்று ஊர் நம்பியது. மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். துருப்பிடித்த பூட்டொன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்தான். தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்துக் கையைப் பிரித்தால், விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியவர்கள், ஆணியை மிதித்தபடி நாளெல்லாம் நடந்தவர்கள் என்று ஒவ்வொரு புண்ணுக்கும் பின்னால் ஒரு காரணம் அகப்பட்டது. காலையில் விரல் குறைந்திருந்ததற்கு இரவில் எலி கடித்தது காரணம் என்று தெரிந்ததும், வீடு திரும்புகிறவர்களோடு பூனைகளை அனுப்பிவைத்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதைவிட எளிய மருந்துச்சீட்டு இருக்குமா, சந்தேகம்தான்.

மாத்திரைகளின் கதை தனி. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிய காலம் போய், 1940-களில் டாப்சோன் வந்தது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. கிருமி சாகும். ஆனால் நெடுநாள் மரத்துக்கிடந்த பாதத்துக்கு உணர்ச்சி திரும்புவது அரிது.

ஆகவே செருப்பு. வேலூரிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் செருப்புத் தைப்பது சிகிச்சையின் ஒரு பகுதியானது. நுண்ணறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர் பாதத்தின் பாரத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பும். அதன் அடியில் முள் ஏறாத கெட்டித் தளம். வாரை ஒட்டினார்கள் அல்லது தைத்தார்கள். ஆணி மட்டும் கூடாது. உணர்வில்லாத காலில் ஆணி ஏறினால் கால்காரருக்குத் தெரியாது.

செருப்புக்கு ஒரு குறை இருந்தது. கருப்பு ரப்பரைப் பார்த்ததுமே ஊர் ஆளைக் கண்டுகொண்டது. இலவசமாகக் கிடைத்ததை வீட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடு புறப்பட்டவர்கள் உண்டு. பட்டறைகள் நிறத்தையும் வாரையும் மாற்றிப் பார்த்தன. பாதம் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் அதையே எழுதித்தரத் தொடங்கிய பிறகு, எம்.சி.ஆர். சாதாரணக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தது. இன்று குதிகால் வலிக்காரர்கள்கூடப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அசல் அல்ல என்பதால், அடிப்புறத்தைத் திருப்பி ஆணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.