சிவகாசிச் சொற்களின் வேரும் விகுதியும்

தமிழ்ச் சொல் ஒன்றைப் பிரித்து அதன் பிறப்பை அறியும் வழியை நன்னூல் பகுபத உறுப்பிலக்கணம் என்ற பெயரில் வகுத்துத் தருகிறது. வேராக முன்னிற்பது பகுதி. இறுதியில் சேர்ந்து அச்சொல் பெயரா வினையா என்பதை உணர்த்துவது விகுதி. இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகியவை வேண்டுமிடத்து இடையே வருவன. சுட்டெழுத்துகள், வினாவெழுத்துகள் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் தமிழில் முன்னொட்டு அரிது. சொல் பெரும்பாலும் பின்புறமாகவே வளர்கிறது. வடமொழியோ வேருக்கு முன்னே ஆ, வி, சம் போன்ற உபசர்க்கங்களைச் சேர்த்துப் பொருளைத் திருப்பிவிடுகிறது. இவ்விரு முறைகளும், அவற்றோடு பாரசீகத்திலிருந்து வந்த சொற்களும் ஒரே தொழிலுக்குள் கலந்து வழங்குவதால், விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதி சொற்பிறப்பு ஆய்வுக்கு வளமான நிலமாக உள்ளது.

ஊர்ப்பெயர்களிலேயே இக்கலப்பு தொடங்குகிறது. ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தைக் குறித்த பட்டி என்னும் சொல் நாளடைவில் சிற்றூரைக் குறித்து, வானம் பார்த்த கரிசல் நாட்டின் ஊர்ப்பெயர்களில் ஈறாக நிலைத்தது. விருதுபட்டியின் பெயர்க்காரணமாக, விருதுக் கொடிகளோடு அறைகூவி வந்த வீரன் ஒருவனை வென்ற கதை சொல்லப்படுகிறது. அதன்படி விருதுவெட்டி என்பதே மருவி விருதுபட்டி ஆயிற்றாம். சுற்றிலும் பட்டிகளே நிறைந்திருக்க, இவ்வூருக்கு மட்டும் வெட்டி என்ற தனி மூலம் தேடுவது வலிந்த முயற்சியாகவே படுகிறது. வணிகத்தால் ஊர் வளர்ந்த பின் 1923இல் நகராட்சி அதன் பெயரை விருதுநகர் என மாற்றியது. சங்கப் பாடல்களில் மாளிகையையும் கோயிலையும் குறித்த நகர் என்ற சொல், இங்கே ஊரின் புதிய தகுதியை அறிவிக்கும் ஈறாக வந்து அமர்ந்தது.

சாத்தூரைச் சாத்து, ஊர் எனப் பிரித்தால், சாத்து என்பது வணிகக் கூட்டத்தைக் குறிக்கும். உகரம் கெட்டு ஊர் சேர்வதும் இலக்கணத்துக்கு ஒத்தது. சாத்தன் என்ற பெயரிலிருந்து பிறந்திருந்தால் சாத்தனூர் என நிற்பதே இயல்பு. சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியம் எச்சரிப்பதை நினைவிற்கொண்டால், இத்தகைய புணர்ச்சி விதிகளே கதைகளைவிட நம்பத்தக்க சான்றுகள்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டிக்கும் தீக்குச்சிக்கும் எளிய தமிழ்த் தொகைச்சொற்கள் அமைந்தன. பட்டாசு பெருகியபோதோ பழைய வாணவேடிக்கையின் சொற்களும் உடன் வந்தன. அம்பைக் குறித்த பாணம் என்ற வடசொல்லே தமிழில் வாணமாயிற்று. முறுக்குதல் என்னும் பொருளுடைய திரி என்ற வினைப்பகுதி, விகுதி எதுவும் ஏற்காமல் தானே பெயராகி, நூலை முறுக்கி மருந்தூட்டிய திரியைக் குறிக்கிறது.

விகுதியைத் தோற்றத்தால் மட்டும் முடிவு செய்வதன் இடரை மத்தாப்பு காட்டுகிறது. வெடிப்பு என்பது வெடி என்னும் பகுதியும் ப் என்னும் சந்தியும் பு என்னும் விகுதியும் சேர்ந்தது. காப்பு, இருப்பு என்பனவும் அவ்வாறே. ஓசையை மட்டும் கேட்டால் மத்தாப்பும் அந்த வரிசையில் சேரும்; ஆனால் ஈற்றை நீக்கிய பின் எஞ்சும் மத்தா என்பதற்குத் தமிழில் பொருள் இல்லை. இது பாரசீகத்தில் நிலவையும் நிலவொளியையும் குறிக்கும் மாஹ்தாப் என்ற சொல். மாஹ் என்பது நிலவு, தாப் என்பது ஒளி. இந்துஸ்தானி வழியாக வந்தபோது அதன் இறுதிப் பகரம், தமிழ்ச் செவிக்குப் பழகிய பு விகுதியின் வடிவை ஏற்றது. சட்டத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளைக் குழைத்த மருந்தில் முக்கி வெயிலில் உலர்த்தும் சிவகாசித் தொழிலாளர் வழங்கும் கம்பி மத்தாப்பு என்ற பெயரில், தமிழ்ச்சொல்லும் பாரசீகச் சொல்லும் பிரித்தறிய இயலாதபடி இணைந்துள்ளன.

முன்னொட்டின் வலிமையை அறிய நான்கு சொற்கள் போதும். விழுதல், செல்லுதல் என்னும் பொருளுடைய பத் என்ற ஒரே வடமொழி வேரோடு உத் சேர்ந்தால் உற்பத்தி, சம் சேர்ந்தால் சம்பத்து, ஆ சேர்ந்தால் ஆபத்து, வி சேர்ந்தால் விபத்து. பட்டாசுத் தொழிலின் ஆக்கம், செல்வம், அச்சம், அழிவு ஆகிய நான்கும் ஒரு வேரிலிருந்தே பெயர் பெற்றுள்ளன. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி அருகே 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் செய்திகளில் வழங்கியது விபத்து என்னும் சொல்லே. இச்சொல்லின் எந்த உறுப்பிலும் செய்தவனும் இல்லை, காரணமும் இல்லை. அத்தனை உயிரிழப்பையும் தானாக நேர்ந்த வீழ்ச்சியாகக் காட்டிவிடுவது இதன் பெருங்குறை. ஆலைகளில் நேரும் வெடிப்புகளுக்குப் பலமுறை காரணமாகச் சொல்லப்படும் உராய்வு என்பதோ உராய் என்னும் பகுதியும் வு என்னும் விகுதியும் சேர்ந்த தமிழ்ச்சொல். அது ஒரு செயலைச் சுட்டுவதால் தடுக்கும் வழியையும் உடன் கேட்கிறது. மருந்து கலக்கும் அறையில் இரப்பர் விரிப்பு இடுவதும், இரும்புக் கருவியை விலக்குவதும், ஓர் அறையில் இருக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கும் மருந்தின் அளவுக்கும் வரம்பு வகுப்பதும் அக்கேள்விக்குத் தரப்பட்ட விடைகள்.