வேட்பாளரைத் தேர்பவர் யார்?

பிரிட்டனில் மக்கள் வாக்களிக்கு முன்னரே மற்றொரு தேர்தல் முடிந்துவிடுகிறது. தொகுதிக் கட்சிக் கிளை தன் வேட்பாளரைத் தேர்கிறது. அத்தேர்வில் கட்சியின் உட்பூசல் புகுந்தால் என்ன நேரும்?

ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்வது பற்றித் தொழிற்கட்சி இரு பிரிவாயிற்று. 1971 அக்டோபரில், கட்சிக் கட்டளையை மீறிச் சேர்வதை ஆதரித்து வாக்களித்தோர் 69 பேர். லிங்கன் தொகுதி உறுப்பினர் டிக் டவெர்ன் அவர்களுள் ஒருவர். 1972-இல் அவரது கிளை, இனி அவரை நிறுத்துவதில்லையென முடிவு செய்தது. அவர் பதவி துறந்தார். 1973 மார்ச்சு இடைத்தேர்தலில் தம் பழைய கட்சியையே எதிர்த்து, 13,191 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். ஆயினும் 1974 அக்டோபரில் அக்கட்சி வேட்பாளரிடம் தோற்றார்.

உழைத்துத் தேர்ந்தெடுத்த கிளைக்கு உரிமையுண்டு. வாக்களித்த மக்களுக்கும் உண்டு. இரண்டும் முரணும்போது உறுப்பினர் எதற்குக் கட்டுப்பட்டவர்? லிங்கன் மக்கள் இரண்டு ஆண்டிற்குள் இரு விடை அளித்தனர். சிந்தியுங்கள்.