18 வயதில் முதல் ஓட்டு: வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியவை

உங்கள் பிள்ளையின் அடையாள அட்டையை எடுத்து முகவரியைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் எடுத்த அட்டை. அப்போது குடும்பம் தோட்டத்தில் இருந்திருக்கும். இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கும். முகவரி மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டால், பிள்ளையின் முதல் ஓட்டும் அங்கேயே நின்றுவிடும்.

வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை, 2019 ஜூலை 16-ஆம் தேதி மக்களவை 211 ஓட்டுகளுடன் நிறைவேற்றியது. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. அப்படியும் அது நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15-இல்தான். இடையில் சரவாக் இளைஞர்கள் சிலர் கூச்சிங் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இப்போது பாரம் எழுதிப் பதிந்துகொள்ளும் வேலை இல்லை. 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடும். 2018 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டினர்.

பெயர் தானாகச் சேர்ந்தாலும், எந்தத் தொகுதி என்பதை அடையாள அட்டை முகவரிதான் முடிவு செய்கிறது. வீடு மாறியவர்கள் முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொகுதியை மாற்றத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. 18 வயதில் எப்படியும் அட்டையைப் புதுப்பிக்கப் போவார்கள். அந்தப் பயணத்திலேயே முகவரியையும் சரிசெய்துவிடலாம்.

நீல அட்டை இல்லாத பிள்ளைக்குப் பட்டியலில் இடமே இல்லை. அந்தச் சிக்கல் உள்ள குடும்பங்கள் 18 வயது வரை காத்திருக்க வேண்டாம். குடியுரிமை விண்ணப்பத்தை இப்போதே கவனியுங்கள். இது நமக்குப் பழைய வலி. 1955 ஜூலை 27-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, தோட்டங்கள் நிறைய நம்மவர்கள் இருந்தும், வாக்காளர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெரும்பாலோரிடம் குடியுரிமை இல்லாததே காரணம்.

“என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?” ஐந்தாம் படிவப் பிள்ளை இப்படிக் கேட்டால் கேமரன் மலையைக் காட்டுங்கள். 2013-இல் அங்கே வெற்றி தோல்வியைப் பிரித்தவை 462 ஓட்டுகள். 2018-இல் 597. ஒரு பெரிய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

அதே தொகுதியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பூர்வக்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் கண்ட தேர்தல் நீதிமன்றம், 2018 நவம்பர் 30-இல் அந்த வெற்றியை ரத்துச் செய்தது. 2019 ஜனவரி 26-இல் மறுபடியும் ஓட்டுப்பதிவு நடந்தது. அதில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குள் நுழைந்த முதல் பூர்வக்குடி உறுப்பினர் ஆனார். ஐம்பது வெள்ளி வாங்கினால் என்ன தப்பு என்று கேட்கும் பிள்ளைக்கு, குடிமையியல் பாடநூலைவிட இந்தக் கதை நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம்.

ஓட்டுப்போடும் முறையைச் சாப்பாட்டு மேசையிலேயே பழக்கலாம். ஒரு தாளில் நான்கு பெயர், நான்கு சின்னம் வரையுங்கள். ஒரே ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். இரண்டு கட்டத்தில் போட்டாலும், தாளில் தன் பெயரை எழுதினாலும் ஓட்டு செல்லாது. வாக்களிப்பு மையத்தில் அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார்கள். இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். அதன் பிறகே வாக்குச்சீட்டு தருவார்கள். மறைவுக்குள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லலாம்.

வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று கேட்காதீர்கள். அது ரகசிய ஓட்டு. அம்மா அப்பாவுக்கும் ரகசியம்தான்.