காந்திக்கு யானை வந்த கதை

1991-ல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ கணினி ஆட்டத்தில் மொத்தம் 14 நாகரிகங்கள். ரோமுக்கு சீசர், மங்கோலியருக்கு செங்கிஸ் கான், ஜூலுக்களுக்கு ஷாகா, இந்தியருக்கு காந்தி. யாராக ஆடுவது என்று தொடக்கத் திரையில் வெகுநேரம் யோசித்தவர்கள் உண்டு. அந்த யோசனைக்கு அவசியமே இல்லை. ரோமானியர் செய்யும் தேரும் ஜூலுக்கள் செய்யும் தேரும் ஒரே தேர், ஒரே விலை, ஒரே வேகம். மங்கோலியரின் குதிரைக்குக் கூடுதலாக ஒரு கட்டம்கூட ஓடத் தெரியாது. பெயரும் நிறமும் நகரங்களின் பெயர்ப் பட்டியலும் மாறும், அவ்வளவுதான்.

இன்று இதே வரிசையின் புதிய ஆட்டங்களில் ஆறு பேர் இணையத்தில் கூடினால், முதல் நகரம் எழும்புவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடுகிறது. எந்த நாகரிகத்தைத் தடைசெய்வது, யார் கையில் எது போனால் ஆபத்து, பக்கத்தில் யார் இருந்தால் முதல் ஐம்பது முறை காய் நகர்த்தி முடிப்பதற்குள் படை வரும் என்று. எதிராளியின் பலத்தை எடைபோடும் இந்தப் பேச்சுக்கு 1991-ல் இடமே இருக்கவில்லை. அது எப்படி வந்தது என்பதில் சில எதிர்பாராத வளைவுகள் உண்டு.

கணினிக்கு முன்பே அதே பெயரில் ஒரு பலகை ஆட்டம் இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் ட்ரெஷம் வடிவமைத்து 1980-ல் வெளிவந்தது. இத்தாலி முதல் மெசொப்பொத்தேமியா வரை விரியும் வரைபடம், ஏழு பேர் வரை ஆடலாம். அதில் நாகரிகங்கள் சமமாக இல்லை. எகிப்துக்கு நைல் கரை, பாபிலோனுக்கு ஆற்றுப்படுகை. அங்கே மக்கள் தொகை சட்டென்று பெருகும். அந்த வசதிக்கு ட்ரெஷம் ஒரு வரியும் போட்டார். கற்காலம், வெண்கலக்காலம் என்று ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் காட்டும் அட்டவணையில், எகிப்தும் பாபிலோனும் மற்றவர்களைவிட முன்னதாகவே நகரங்களைக் கட்டிக்காட்டியாக வேண்டும். தவறினால் அவர்கள் காய் நின்ற இடத்திலேயே நிற்கும். நல்ல நிலம் பெற்றவனுக்குக் கெடு கடுமை. எனக்குத் தெரிந்து இந்த வகை ஆட்டங்களில் இதைவிட நேர்த்தியான சமநிலை பிறகும் அதிகம் வரவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பலகை ஆட்டத்தை வெளியிட்டது அவலான் ஹில் நிறுவனம். அங்கே வேலை பார்த்துவிட்டு மைக்ரோப்ரோஸ் என்ற கணினி ஆட்ட நிறுவனத்துக்கு வந்தவர் புரூஸ் ஷெல்லி. மேரிலாந்தில் இருந்த அந்த நிறுவனத்தில், கணினிச் ‘சிவிலைசேஷ’னை உருவாக்கிய சிட் மேயரின் வலது கை அவர். 1990 மே மாதத்தில் மேயர் அந்த ஆட்டத்தின் முதல் வடிவம் இருந்த ஒரு பிளாப்பியை அவரிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னார். தொடக்கத்தில் மேயர் முயன்றது, சிம் சிட்டியைப் போல் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம். அது அவருக்கே பிடிக்காமல் போனது; ஒருவர் காய் நகர்த்தி முடித்த பின் அடுத்தவர் நகர்த்தும் முறைக்கு மாறினார். ஷெல்லி ஆடிப் பார்த்துக் குறை சொல்ல, மேயர் உடனே திருத்தித் தர, மாதக்கணக்கில் இப்படி இருவருக்குள்ளேயே வளர்ந்தது அது.

ட்ரெஷமின் சமமின்மை அதில் வராததற்கு என் கணிப்பில் காரணம் எளிது. பலகையில் நைல் எங்கே என்று அச்சடித்திருக்கும். மேயரின் உலகமோ பெரும்பாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகப் பிறக்கும். எகிப்து எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். நிலமே வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும்போது நாகரிகத்துக்குத் தனியாக எதற்கு?

ஆனாலும் கணினி ஆடும் ஐந்தாறு தலைவர்களும் ஒன்றுபோல் நடந்தால் சலிப்புத் தட்டும். அதனால் அவர்களுக்கு மேயர் கொடுத்தது குணம். சண்டைக்காரரா சாந்தமானவரா, நிலம் பிடிக்கும் ஆசை எவ்வளவு, படையா படிப்பா என்று ஒவ்வொன்றிலும் சில படிகள். ஷாகா பக்கத்தில் இருந்தால் மதில் கட்டு, காந்தி இருந்தால் கொஞ்சம் மூச்சு விடு. முதல் ஆட்டத்தில் எதிரியை எடைபோடுவது என்றால் இவ்வளவுதான்: கை எத்தனை பலம் என்று பார்க்க வேண்டியதில்லை, கோபம் எத்தனை சீக்கிரம் வரும் என்று தெரிந்தால் போதும்.

அணுகுண்டு வீசும் காந்தியின் கதையும் இங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. காந்தியின் ஆக்ரோஷம் 1 என்று வைத்திருந்தார்களாம்; ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 குறைய, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கத் தெரியாத எண் ஒரு சுற்றுச் சுற்றி 255-ல் போய் நின்றதாம்; அன்றிலிருந்து காந்தி குண்டு மழை பொழிந்தாராம். கேட்க ருசியான கதை. ஆனால் 2020-ல் வெளியான தன் வாழ்க்கைக் குறிப்பில் மேயர் இதை அடியோடு மறுத்தார். அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை. காந்திக்கு இருந்த அதே அமைதிக் குணம் வேறு சில தலைவர்களுக்கும் இருந்தது. கதை பரவியதும் 1991-ல் அல்ல, இருபது ஆண்டுகள் கழித்து. 2010-ல் வந்த ஐந்தாம் ஆட்டத்தில் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், பத்துக்கு மேல் போகக் கூடாத அளவுகோலில் காந்தியின் அணு ஆயுத விருப்பத்துக்கு வேடிக்கையாகப் பன்னிரண்டு போட்டுவைத்தார். அதைப் பார்த்தவர்கள் பின்னோக்கி ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள் போலும். வித்தியாசம் இல்லாத இடத்தில் ஆட்டக்காரர்களே ஒன்றைப் பிறப்பித்துவிட்டார்கள்.

உண்மையான வித்தியாசம் விண்வெளியில் தலைகாட்டியது. 1993-ல் அதே மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ ஆட்டத்தில் பத்து இனங்கள். சைலான்கள் ஆராய்ச்சியில் கெட்டி, புல்ராத்திகள் தரைச் சண்டையில், டார்லாக்குகள் உளவில், சிலிகாய்டுகள் எந்த நச்சுக் கோளிலும் குடியேறிவிடுவார்கள். 1996-ல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் துணிந்தது. உன் இனத்தை நீயே செய்துகொள் என்று பத்துப் புள்ளியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பலத்துக்கும் மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி விலை எழுதி வைத்தது. ஒரு துறையில் ஒரு கண்டுபிடிப்பைத்தான் எடுக்கலாம் என்ற விதியை மீறி எல்லாவற்றையும் அள்ளும் திறமைக்கு 8 புள்ளி. புள்ளி போதவில்லையா, ஏதாவது ஒரு பலவீனத்தை வாங்கிக்கொள், அதற்கு ஈடாகப் புள்ளி தருகிறோம் என்றது.

எதிராளி பலத்தை எடைபோடுவதில் இது பெரிய மாற்றம் என்பேன். எந்தத் திறமை எவ்வளவு பெறும் என்று வடிவமைப்பாளர் தம் மதிப்பீட்டையே எண்ணாக எழுதி நீட்டிவிட்டார். ஆட்டக்காரர் வேலை அந்த விலை சரியா என்று சோதிப்பது. தனியாக ஆடுபவருக்கு எல்லாக் கண்டுபிடிப்பும் கிடைப்பது சொர்க்கம். மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்தபோது, அத்தனையும் கண்டுபிடித்து முடிப்பதற்குள் வேகமாக உற்பத்தி செய்பவன் கப்பல்களோடு வாசலில் வந்து நின்றான்.

‘சிவிலைசேஷ’னில் பல மனிதர்கள் சேர்ந்து ஆட வழி பிறந்தது 1995-ல், ‘சிவ்நெட்’ என்ற பதிப்பில். ஏழு பேர் வரை ஆடலாம். பழைய அமைப்பின் ஓட்டை அப்போதுதான் அப்பட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். காந்தியின் நாற்காலியில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்ததும் காந்தியின் குணம் காணாமல் போகிறது. ஷாகாவின் கோபமும் அப்படியே. குணம் கணினிக்கு எழுதிக் கொடுத்தது. மனிதருக்கு அவரவர் குணம். குணத்தைக் கழித்தால் மிஞ்சுவது பெயரும் நிறமும்.

1996-ல் மேயரும் பிரையன் ரெனால்ட்ஸும் ஜெஃப் பிரிக்ஸும் மைக்ரோப்ரோஸிலிருந்து வெளியேறி ஃபிராக்ஸிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரெனால்ட்ஸ் வடிவமைத்த ‘ஆல்ஃபா செண்டாரி’ 1999-ல் வந்தது. பூமியை விட்டுப் போன மனிதர்கள் வேற்றுக் கோளில் ஏழு கொள்கைக் கூட்டங்களாகப் பிரிகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டலும் உண்டு, கழித்தலும் உண்டு. பல்கலைக்கழகத்தாருக்கு ஆராய்ச்சியில் இரண்டு கூடுதல். அவர்களிடம் உளவாளி புகுந்து திருடுவது எளிது, நகரத்தில் அதிருப்தியாளர்களும் அதிகம். கழித்தல் குறியைத் தாராளமாகப் போட முடிந்ததற்கு, அவை கற்பனைக் கூட்டங்கள் என்பதே காரணமாக இருக்கும். உண்மையான ஒரு நாட்டின் பெயருக்கு எதிரே ‘வணிகம் குறைவு’ என்று எழுதினால் அந்த நாட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

2001-ல் வந்த மூன்றாம் ‘சிவிலைசேஷன்’ கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டது. 16 நாகரிகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு பண்புகளில் இரண்டு, தவிர வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு படை. இந்தியாவுக்கு வணிகமும் சமயமும். காந்திக்கென்றே யானைப் படை வந்தது இப்போதுதான்.

மற்றவர்களின் குதிரை வீரர் இருக்கும் இடத்தில் இந்தியாவுக்கு அந்த யானை. தாக்கும் பலமும் தாங்கும் பலமும் அதே 4, 3. வித்தியாசம் வேறிடத்தில்: மற்றவர்களின் வீரருக்குக் குதிரையும் வேண்டும் இரும்பும் வேண்டும். இரண்டும் உன் நிலத்தில் இல்லையென்றால் அண்டை நாட்டானிடம் வாங்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். யானைக்கு எதுவும் வேண்டாம். அதனால் இரும்பில்லாத மூலையில் கிடக்கும் இந்தியாவைப் பார்த்து ‘இவன் ஒன்றும் செய்ய மாட்டான்’ என்று கணக்குப் போட்டவர் கதை முடிந்தது. இன்னொன்று, தனக்கே உரிய படை முதல் வெற்றி பெற்றதும் அந்த நாகரிகத்துக்கு 20 முறை நகர்த்தி முடிக்கும்வரை நீடிக்கும் பொற்காலம் தொடங்கும். யானை எப்போது ஜெயிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2002-ல் ‘ப்ளே த வேர்ல்ட்’ என்ற இணைப்பு வந்து இதையெல்லாம் மனிதர்களோடு மோதிப் பார்க்க வழி செய்தது.

நான்காம் ஆட்டம், 2005. வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் அதைத் தொடக்கத்திலிருந்தே பலர் சேர்ந்து ஆடும்படி கட்டினார். இதில் யானை பொதுச் சொத்தாகிவிட்டது. தந்தம் இருந்தால் யாரும் செய்யலாம். இந்தியாவுக்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு வேலையாள். வாளில்லை, வில்லில்லை. பாதை போடுவான், வயல் திருத்துவான், காடு வெட்டுவான். மற்ற நாட்டு வேலையாள் ஒரு முறையில் இரண்டு கட்டம் நகர்வான், இவன் மூன்று. முதல் பார்வையில் யாரும் இதை மதிக்கவில்லை என்றால் வியப்பில்லை.

ஒரு காட்டுக் கட்டத்துக்குள் நுழைய இரண்டு நகர்வு செலவாகும். சாதாரண வேலையாள் நுழைந்ததும் அந்த முறை தீர்ந்தது. கோடரியை அடுத்த முறைதான் எடுப்பான். இந்திய வேலையாளுக்கு உள்ளே போன பின்பும் ஒன்று மிச்சம், அதே முறையில் வெட்டத் தொடங்கலாம். வெட்டிய காடு பக்கத்து நகரத்தின் உற்பத்தியில் சேரும். அது ஒரு குடியேறியை, ஒரு படையை, ஓர் அதிசயத்தை முன்கூட்டியே முடித்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் இப்படி ஒரு முறை மிச்சம், ஆட்டம் முடியும்வரை. மனிதர்கள் மோதும் ஆட்டங்களில் அனுபவசாலிகள் இந்தியாவை முன்வரிசையில் வைப்பது இந்த வேலையாளுக்காகத்தான். மற்றவர்களின் தனிப்படை ஒரு காலகட்டத்தோடு பழசாகிப் போகும்; இவன் ஆக மாட்டான்.

நேர் எதிர் உதாரணம் இன்காக்களின் கெச்சுவா வீரன். வில்லாளிகளுக்கு எதிராக அவன் பலம் இரட்டிப்பு. கடினமான நிலைகளில் கணினி வில்லாளிகளோடுதான் தொடங்கும் என்பதால், தனியாக ஆடுபவர் கெச்சுவாக்களை ஓட்டிக்கொண்டு போய் அண்டை நாட்டுத் தலைநகரையே பிடித்துவிடுவார். எதிரே இருப்பவர் மனிதர் என்றால்? பக்கத்தில் இன்கா என்று தெரிந்த பிறகு அவர் வில்லாளியை நம்பி உட்கார்ந்திருப்பாரா? கணினியிடம் வெற்றி வாங்கித் தந்த தந்திரம் மனிதரிடம் பாதிக்குப் பாதி.

அதே ஆட்டத்தில் எதிராளி திரைக்குப் பின்னால் என்ன செய்கிறான் என்று மோப்பம் பிடிக்கவும் ஒரு கலை வளர்ந்தது. புள்ளிவிவரத் திரையில் உன் உற்பத்தி, விளைச்சல், வீரர் எண்ணிக்கை, பக்கத்தில் போட்டியாளர்களில் சிறந்தவரின் எண். ஆறு பேர் ஆடினால் அந்த எண் யாருடையது என்று ஊகிக்க வேண்டும். இருவர் மட்டும் ஆடினால் ஊகமே தேவையில்லை, அது எதிராளியின் கணக்கேதான். வீரர் எண்ணிக்கை ஒரே முறையில் துள்ளினால் படை வந்துவிட்டது என்று பதறக் கூடாது. வெண்கலம் கற்றாலும் ஏறும், படைமுகாம் கட்டினாலும் ஏறும். எத்தனை ஏறியது என்பதை வைத்து எது என்று பிரித்தறிவார்கள், காகிதமும் பேனாவுமாக.

பிறகு வித்தியாசம் இன்னும் துணிந்தது. ஐந்தாம் ஆட்டத்தில் வெனிஸ் என்ற நாகரிகத்துக்கு, தலைநகரை நிறுவிய பின் வேறு குடியேறியே கிடையாது, புது ஊர் நிறுவ முடியாது. ஆறாம் ஆட்டத்தில் நாகரிகங்கள் பெருகிப் பெருகி, வடிவமைப்பாளர் போட்ட எண்களை ஆட்டக்காரர்களே கூடித் திருத்தி, அந்தத் திருத்தத்தின் மேல்தான் போட்டிகளை நடத்துகிறார்கள். எந்த நாகரிகம் கைக்கு வரும் என்பதை ஏலம்போல் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதும் தடைசெய்வதும் வழக்கமாகிவிட்டது.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் ஆட்டம் வேறொரு வேலை செய்தது. தலைவரையும் நாகரிகத்தையும் பிரித்துவிட்டது. நாகரிகத்தையே யுகத்துக்கு யுகம் மாற்றவும் வைத்தது. மௌரியராகத் தொடங்குபவர் நடுவில் சோழராகலாம், கடைசியில் முகலாயராகலாம். வெளியானபோது தலைவர் வரிசையில் காந்தி இல்லை. அசோகர் இருந்தார்.

சோழருக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கடலில் செல்லும் ‘கலம்’. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் அது ஐந்நூற்றுவர் வளாகமாகும். மூன்றும் நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரும் வணிகக் கூட்டங்கள். மணிக்கிராமத்தின் பெயர் தாய்லாந்தின் தகுவாபா கல்வெட்டிலும், ஐந்நூற்றுவர் பெயர் சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் தமிழிலேயே இருக்கின்றன. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பையே பெரிதாகப் பேசிப் பழகிய நமக்கு, சோழர் பலம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் வணிகரைக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

எடைபோடுபவர்களுக்கு இனி வேலை இரட்டிப்பு. எதிரே மௌரியர் இருப்பதைப் பார்த்து யானைக்குத் தயாரானவர், அடுத்த யுகத்தில் துறைமுகத்தைக் காக்க வேண்டியிருக்கும். அந்தச் சோழ நாட்டை ஆள்பவர் இத்தாலியரான மக்கியவெல்லியாகவும் இருக்கலாம்.